எட்டேகால் சாவி

உங்கள் பள்ளிக்கூட நாட்களை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர், வாத்தியார் முன்னாலேயே சத்தமாகப் பேசிக்கொள்வார்கள். "கநா களை கவா!" மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. அந்த இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு. விஷயம் ரொம்ப சாதாரணம்தான். ஒவ்வொரு எழுத்துக்கு முன்னாலும் ஒரு 'க' போட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அந்த 'க'வைத் தூக்கிவிட்டால் "நாளை வா".

'க பாஷை' பேசாத தமிழ்க் குழந்தை இருந்தால் அது பாவம், ஏதோ ஒன்றை இழந்த குழந்தை!

சங்கேத மொழியின் மொத்த ரகசியமும் இந்த விளையாட்டுக்குள் இருக்கிறது. ஒரு பூட்டு. அதற்கு ஒரு சாவி. சாவி இரண்டு பேரிடம் இருக்கிறது, மூன்றாமவரிடம் இல்லை. வாரப் பத்திரிகையின் புதிர்ப் பக்கத்தில் ஆரம்பித்து ராணுவத் தலைமையகத்தின் தந்தி அறை வரை நடப்பது இதேதான். பூட்டு சிக்கலாகும், சாவி சின்னதாகும். மற்றபடி கதை ஒன்றுதான்.

இந்தக் கதையைப் பேச ஓர் ஊர் வேண்டும். வாருங்கள், கருவடிக்குப்பம் போகலாம்.

புதுச்சேரியின் வடக்கே, முத்தியாலுப்பேட்டையைத் தாண்டினால் கருவடிக்குப்பம். இன்று வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற இடம். நூறு வருஷத்துக்கு முன்னால் இது மாந்தோப்பும் மணலும் கடல்காற்றுமாகக் கிடந்தது. இங்கே இருந்த கிருஷ்ணசாமிச் செட்டியாரின் தோப்பில்தான் மகாகவி பாரதி குயில் பாட்டைக் கண்டெடுத்தார். அதனாலேயே அதற்குக் 'குயில் தோப்பு' என்று பெயர். பக்கத்திலேயே சித்தானந்த சுவாமிகளின் சமாதிக் கோயில். 1837-ல் அடங்கிய சித்தர் அவர். அந்தக் கோயில் வாசலில் எரிந்த விளக்கையும் பாரதி பாடி வைத்திருக்கிறார்.

ஒரு பக்கம் நாடு கடந்து வந்து ஒளிந்திருந்த தேசபக்தர்கள் காற்று வாங்கிய தோப்பு. இன்னொரு பக்கம் ஒரு சித்தரின் சமாதி. வரலாற்றில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டுமே சொல்ல வந்ததை நேராகச் சொல்லாத கூட்டம்!

முதலில் தேசபக்தர்கள்.

1908-ல் சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின் மீது ஆங்கில அரசு பாய்ந்தது. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்த சீனிவாசன் கைதானார். பாரதி புதுச்சேரிக்கு ரயில் ஏறினார். அது பிரெஞ்சுக்காரர்களின் மண். ஆங்கிலேயப் போலீஸ் அங்கே யார் சட்டையையும் பிடிக்க முடியாது. 1910 ஏப்ரல் 4-ம் தேதி, கல்கத்தாவிலிருந்து 'டூப்ளே' என்ற கப்பலில் ஒரு வங்காளி வந்து இறங்கினார். பயணச்சீட்டில் ஜோதீந்திரநாத் மித்ரா என்று பெயர். நிஜப் பெயர் அரவிந்த கோஷ். அதே வருஷக் கடைசியில் ஐரோப்பாவிலிருந்து தப்பி, வேஷம் மாற்றி வந்து சேர்ந்தார் வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய அய்யர். நமக்கெல்லாம் வ.வே.சு. அய்யர்.

இந்த அய்யரைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். லண்டனை விட்டு அவர் கிளம்பியபோது சீக்கியர் வேஷம். தாடி, தலைப்பாகை எல்லாம் கச்சிதம். ஆனால், பெட்டியின் மேல் ஆங்கிலத்தில் வி.வி.எஸ். என்ற மூன்று எழுத்துகள்! சந்தேகப்பட்ட துப்பறியும் ஆள் ஒருவர், அய்யர் பெயருக்கு வந்த தந்தி ஒன்றைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாராம். வாங்கினால் மாட்டினார். அய்யர் அசரவில்லை. 'இது எனக்கு வந்ததில்லை, என் பெயர் வீர விக்ரம் சிங். வேண்டுமானால் நீங்களே பிரித்துப் பாருங்களேன்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம்.

எழுத்து மூன்றும் அதேதான். விரித்துப் படித்த விதம்தான் வேறு. சங்கேதத்தின் முதல் பாடம் இது. எழுத்து யார் கையில் வேண்டுமானாலும் சிக்கலாம், அர்த்தம் சிக்கக் கூடாது.

1911 ஜூன் 17-ம் தேதி மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்டார். சுட்ட வாஞ்சிநாதன் அதற்கு முன்னால் புதுச்சேரிக்கு வந்து போனவர். அவ்வளவுதான், ஊருக்குள் உளவாளிகள் குவிந்துவிட்டார்கள். பாரதி திண்ணையை விட்டு இறங்கினால் பின்னாலேயே ஓர் ஆள். வந்த கடிதம் பிரிக்கப்பட்டது, போன கடிதம் படிக்கப்பட்டது. 'இந்தியா' பத்திரிகை ஆங்கிலேயப் பகுதிக்குள் நுழைய முடியாமல் 1910-லேயே மூச்சை விட்டிருந்தது.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு மனுஷன் எப்படி எழுதுவான்?

பாரதி புனைபெயர்களுக்குள் புகுந்துகொண்டார். காளிதாசன், சக்திதாசன், ஷெல்லிதாசன், சாவித்திரி... பட்டியல் நீளும். ஊருக்கே பெயரை மாற்றினார். அவருடைய உரைநடைகளில் 'வேதபுரம்' என்று ஓர் ஊர் அடிக்கடி வரும். அது வேறெந்த ஊரும் இல்லை, புதுச்சேரிதான். ஆட்களுக்கும் அவர் சூட்டிய பெயர்கள் உண்டு. குயில் தோப்பின் சொந்தக்காரரான கிருஷ்ணசாமிச் செட்டியாருக்கு 'வெல்லச்சு' என்று பட்டப்பெயர். ஆள் அப்படி இருப்பாராம், வெல்லம் வார்க்கிற அச்சு மாதிரி! இதில் பாதி கேலி, பாதி பாசம். ஆனால் வெளியூர் உளவாளி இதைப் படித்தால்? 'வெல்லச்சு' என்பது ஆளா, சாமானா, வெடிகுண்டா என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அரவிந்தர் செய்ததோ இன்னும் ஒரு படி மேலே.

சந்திரநாகூரில் மோதிலால் ராய் என்றொரு சீடர் இருந்தார். அதுவும் பிரெஞ்சு ஊர்தான், கல்கத்தாவுக்குப் பக்கத்தில். 1910 பிப்ரவரியில் அரவிந்தருக்கு அங்கே அடைக்கலம் கொடுத்தவர் இந்த மோதிலால். புதுச்சேரிக்கு வந்த பிறகு 1912-லிருந்து இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது. இரண்டு ஊரும் பிரெஞ்சு என்றாலும் நடுவில் கிடப்பது முழுக்க ஆங்கிலேய இந்தியா. கடிதம் எங்கே வேண்டுமானாலும் பிரிக்கப்படலாம். எனவே அரவிந்தர் என்ன செய்தார் தெரியுமா? எல்லாவற்றையும் யோகத்தின் பாஷையில் எழுதினார். 'தந்திரம்', 'தாந்திரிகக் கிரியை' என்று வந்தால் அது புரட்சி வேலை. கடைசியில் கையெழுத்து 'காளி'!

எழுதுகிறவர் யோகி என்று ஊருக்கே தெரியும். பெறுகிறவரும் பக்தர். தாந்திரிக சாதனை பற்றி அவர்கள் எழுதிக்கொள்ளாமல் வேறு யார் எழுதுவார்கள்? கடிதத்தைப் பிரித்துப் படிக்கிற அதிகாரிக்குக் கொட்டாவிதான் வரும். பின்னாளில் அந்த 'தாந்திரிக' வேலைகளை நிறுத்தி வைக்கச் சொன்னபோதுகூட அதே பாஷையில்தான் சொன்னார்.

இந்த உத்தி நமக்கொன்றும் புதிதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் இதற்கு ஒரு பெயரே கொடுத்திருக்கிறார் - குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புழங்குகிற சொல். உதாரணத்துக்கு, பொற்கொல்லர்கள் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப் பாகர்கள் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று உரைகாரர்கள் சொல்லிக்கொண்டே போவார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்விக்காக நெட்டுருப் போட்டோமே, அதுதான்! மாட்டுச் சந்தையில் தோள் துண்டைக் கைகள் மேல் போட்டுக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர் பாஷையும் இந்த ஜாதிதான். சுற்றி நூறு பேர் நிற்பார்கள். விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

சரி, இது சொல்லை மாற்றுகிற வித்தை. எழுத்தை மாற்றுகிற வித்தை வேறு. புதிர்ப் பக்கங்களில் நீங்கள் அடிக்கடி பார்ப்பது இந்த இரண்டாவது வகை.

ரோமாபுரியின் ஜூலியஸ் சீசர் செய்தது மிக எளிது. ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக அகரவரிசையில் மூன்று இடம் தள்ளியிருக்கும் எழுத்தைப் போட்டு எழுதினார். இதைத் தமிழில் செய்து பார்ப்போமா? பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். க, ங, ச, ஞ, ட, ண, த, ந, ப, ம, ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. நம் மெய் வரிசை பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் பதிலாக அடுத்த எழுத்தைப் போடுங்கள். கால், கொம்பு, சுழியெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

'பாரதி' என்ன ஆகிறது? ப-வுக்கு ம, ர-வுக்கு ல, த-வுக்கு ந. ஆக, 'மாலநி'! அடடா, யாரோ ஒரு பெண்ணின் பெயர் மாதிரி இருக்கிறதே. உளவாளி ஏமாந்தான்.

இப்போது 'குயில்' என்று எழுதுங்கள். 'ஙுரிவ்'. போச்சு! பார்த்த மாத்திரத்திலேயே பல்லை இளிக்கிறது.

ஏன்? ஏனென்றால் தமிழ்ச் சொல் 'ஙு' என்று ஆரம்பிக்காது. 'வ்' என்று முடிகிற சொற்களும் விரல் விட்டு எண்ணக்கூடிய சிலதான். இதையெல்லாம் யார் சொன்னது? தொல்காப்பியர்! எந்தெந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது கடைசியில் வரும், எந்த மெய்க்குப் பக்கத்தில் எந்த மெய் உட்காரும் என்று இயல் இயலாக எழுதி வைத்திருக்கிறார். க், ச், த், ப் நான்கும் தன் இனத்தோடு மட்டும்தான் சேரும்: அக்கா, அச்சு, அத்தை, அப்பா. ர், ழ் இரண்டும் ஒருநாளும் இரட்டிக்காது. மெல்லினத்துக்குப் பக்கத்தில் அதன் ஜோடி வல்லினம் வந்து நிற்கும்: தங்கம், பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று.

இலக்கண வகுப்பில் தூங்க வைத்த அத்தனை விதியும் சங்கேதம் உடைப்பவனுக்குத் தங்கச் சுரங்கம். பூட்டப்பட்ட ஒரு தமிழ்க் கடிதம் உங்கள் கையில் கிடைத்தால் முதலில் இரட்டித்து வரும் மெய்களைத் தேடுங்கள். அதிகமாக இரட்டிப்பவை பெரும்பாலும் வல்லினம். இரட்டிக்கவே இரட்டிக்காமல் ஆனால் அடிக்கடி வருகிற எழுத்து ஒன்று இருந்தால், அது 'ர'வாக இருக்க நல்ல வாய்ப்பு. சொல்லின் கடைசியில் புள்ளியோடு குவிகிறவற்றில் 'ம்', 'ன்', 'ல்' ஒளிந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக முகமூடி கழன்று விழும்.

உலகத்தில் இந்த வழியை முதலில் எழுதி வைத்தவர் அல்-கிந்தி. ஒன்பதாம் நூற்றாண்டு பாக்தாத்தில் வாழ்ந்த அறிஞர். எந்த எழுத்து ஒரு மொழியில் அதிகம் புழங்குகிறது என்று எண்ணிக்கொள், பூட்டிய கடிதத்திலும் எண்ணு, இரண்டையும் பொருத்திப் பார் என்பது அவர் சொன்ன வழி. இதற்குப் பிறகு சீசர் பாணிப் பூட்டுகளெல்லாம் குழந்தை விளையாட்டாகிவிட்டன.

ஆகவே மனிதன் அடுத்த பூட்டைக் கண்டுபிடித்தான். புத்தகப் பூட்டு.

இரண்டு பேரிடமும் ஒரே புத்தகம் இருக்கும். கடிதத்தில் வெறும் எண்கள். நமக்கு வசதியான புத்தகம் திருக்குறள். அதிகாரம், குறள், சீர் என்று மூன்று எண் போதும். '40-1-1' என்று எழுதினால் நாற்பதாவது அதிகாரம், முதல் குறள், முதல் சொல். எடுத்துப் பாருங்கள், 'கற்க' என்று வரும். எந்தப் புத்தகம் என்று தெரியாதவனுக்கு அது வெறும் கணக்கு நோட்டு.

இந்தப் பூட்டை நம்பி ஏமாந்தவர்களிலும் நம் ஆட்கள் உண்டு. புதுச்சேரி 'இந்தியா' அலுவலகத்தில் பாரதியோடு வேலை பார்த்தவர் எம்.பி.டி. ஆச்சாரியா என்கிற மண்டயம் திருமலாச்சாரியா. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் போனவர், முதல் உலகப் போர் வந்தபோது பெர்லினில் கூடிய இந்தியப் புரட்சிக் குழுவில் இருந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர் செண்பகராமன் பிள்ளையும் அதே குழுதான். ஜெர்மனியின் பணம், ஆயுதம், இந்தியர்களின் ஆவேசம் என்று பெர்லினுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே திட்டம் ஓடியது. அதில் கைமாறிய சில கடிதங்கள் வெறும் எண்களால் ஆனவை.

கடிதங்கள் பிடிபட்டன. 1917-ல் சான்பிரான்சிஸ்கோவில் வழக்கு தொடங்கியது. எண்களைப் படிக்க வில்லியம் ஃபிரைட்மன் என்ற இளைஞரிடம் கொடுத்தார்கள். இன்றைக்கு அமெரிக்க சங்கேதத் துறையின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர் அவர். என்ன புத்தகம் என்று அவருக்குத் தெரியாது. புத்தகம் இல்லாமலேயே, எண்கள் திரும்பத் திரும்ப வருகிற விதத்தை வைத்து வார்த்தைகளைப் பிடித்தார். புத்தகம் எது என்று அப்புறம்தான் கிடைத்தது. பிரைஸ் காலியர் என்பவர் 1913-ல் எழுதிய 'ஜெர்மனி அண்ட் த ஜெர்மன்ஸ்'! ஜெர்மனியோடு சேர்ந்து செய்த சதிக்கு ஜெர்மனி பற்றிய புத்தகத்தையே சாவியாக வைத்திருந்தார்கள். வீட்டுச் சாவியை வாசற்படிக்குக் கீழேயே வைத்துவிட்டுப் போகிற மாதிரி.

அந்த வழக்கின் முடிவு இன்னும் கொடூரம். 1918 ஏப்ரலில் கடைசி நாட்களில், கோர்ட்டுக்குள்ளேயே ராம் சந்திராவை, சக குற்றவாளியான ராம் சிங் சுட்டுக் கொன்றார். அடுத்த நொடி ராம் சிங்கைக் காவல் அதிகாரி சுட்டுக் கொன்றார். பூட்டை உடைத்தவன் வெளியாள். ஆனால் கூட்டத்தை உடைத்தது உள்ளே இருந்த சந்தேகம்.

மறுபடி புதுச்சேரிக்கு வருவோம். அங்கே நடந்தது இதற்கு நேர் தலைகீழ். சங்கேதத்தை உடைக்க முடியாதவர்கள் ஒன்றைத் தாங்களே தயாரித்துவிட்டார்கள்!

1910-களின் தொடக்கத்தில் ஒருநாள். வ.வே.சு. அய்யர் வீட்டுக் கிணற்றில் வேலைக்காரப் பெண் தண்ணீர் இறைத்தபோது ஒரு ஜாடி வந்தது. திறந்து பார்த்தால் உள்ளே ராஜதுரோகக் காகிதங்கள், காளி படம், வங்காளி எழுத்தில் ஏதேதோ குறிப்புகள். சதிகாரர்கள் என்றால் என்னென்ன வைத்திருப்பார்கள் என்று ஓர் உளவாளியின் மூளை கற்பனை செய்ததோ, அத்தனையும் அதில் இருந்தன. பிரெஞ்சுப் போலீஸ் சோதனைக்கு வரும், ஜாடி கிடைக்கும், எல்லோரையும் நாடு கடத்திவிடலாம் என்பது ஏற்பாடு.

அப்போது வந்த யோசனை அற்புதமானது. ஒளிக்காதே, எரிக்காதே, நாமே போய்ப் போலீசில் கொடுத்துவிடுவோம்! கொடுத்தார்கள். பின்னாலேயே புகாரும் போயிற்று. விசாரணை நீதிபதி அரவிந்தர் வீட்டுக்குச் சோதனை போட வந்தார். அலமாரியைத் திறந்தார். வெடிகுண்டுக் குறிப்பு எதுவும் இல்லை, கிரேக்கமும் லத்தீனும் இருந்தன. இவற்றைப் படிக்கிற மனிதரா சதிகாரர் என்று பிரெஞ்சுக்காரர் நெகிழ்ந்தே போய்விட்டார். அரவிந்தரைத் தன் வீட்டுக்கு அழைத்துவிட்டுப் போனார். புகார் கொடுத்த ஆள் ஊரை விட்டே ஓட வேண்டியதாயிற்று.

அரவிந்தர் நிஜமாகவே 'காளி' என்று கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதிய காலம் அது என்பதை நினைத்துப் பாருங்கள். அது வெளியே தெரியவில்லை. பொய்யான காளி படம் கிணற்றிலிருந்து எழுந்து வந்து காட்டிக் கொடுத்தது போட்டவர்களையே! உளவாளிகள் கையில் எழுத்து இருந்தது, காகிதம் இருந்தது, சம்பளம் இருந்தது. இல்லாதது ஒன்றுதான், சாவி.

இப்போது தோப்பிலிருந்து எழுந்து பக்கத்தில் உள்ள சமாதிக் கோயில் வரை நடப்போம். இரண்டாவது கூட்டம் நினைவிருக்கிறதா? சித்தர்கள்.

சித்தர் பாடல்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். வார்த்தையெல்லாம் எளிய தமிழ், அர்த்தம் மட்டும் பிடிபடாது. அதற்குப் 'பரிபாஷை' என்று பெயர். சின்னதாக ஓர் உதாரணம்: 'வாசி வாசி' என்று விடாமல் சொல்லிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் 'சிவா சிவா' என்று கேட்கும். மூச்சுக்கு 'வாசி' என்று பெயர். மூச்சைப் பிடித்தால் சிவன் என்பதை இரண்டே எழுத்தில் மடித்து வைத்துவிட்டார்கள்.

மருத்துவத்துக்கு வந்தால் இது விளையாட்டு இல்லை. பாதரசத்தைச் சிவன் என்பார்கள், கந்தகத்தைச் சக்தி என்பார்கள். சிவனும் சக்தியும் சேர்ந்தால் என்ன? லிங்கம். கோயிலில் இருப்பது மட்டுமில்லை. மருந்துக்கடையில் சிவப்பாக ஒரு சரக்கு உண்டு, அதற்கும் பெயர் லிங்கம்தான். ரசாயனம் படித்தவர்களைக் கேளுங்கள், பாதரசமும் கந்தகமும் சேர்ந்த பொருள் என்று சொல்வார்கள். பக்திப் பாட்டு மாதிரி தோன்றுகிற ஒன்று, நிஜத்தில் ஒரு செய்முறைக் குறிப்பு!

ஏன் இப்படிப் பூட்டினார்கள்? பாதரசம் விஷம். அரைகுறை ஆள் கையில் கிடைத்தால் உயிர் போகும். எனவே குரு வாயால் சொன்னால் ஒழியப் புரியக் கூடாது என்று பூட்டினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால், குரு சீடன் சங்கிலி எங்கேயோ அறுந்தது. 'முப்பூ' என்று ஒன்றைப் பற்றிச் சித்தர் நூல்கள் ஏராளமாகப் பேசுகின்றன. அது எது என்பதில் வைத்தியர்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை. பூட்டு பத்திரமாக இருக்கிறது. பெட்டியும் இருக்கிறது. சாவியைத் தலைக்கடியில் வைத்துத் தூங்கிய மனுஷன்தான் எழுந்திருக்கவில்லை.

பழைய கதை, சித்தர் கதை, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நாமும் சாவிகளைத் தொலைத்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஔவையார் பெயரில் ஒரு தனிப்பாடல் உண்டு. ஒருவரை 'எட்டேகால் லட்சணமே' என்று கூப்பிட்டு வசை பாடுவாள் கிழவி. அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிப் பையன் இதைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். தமிழ் எண்களில் எட்டுக்கு 'அ' என்ற வடிவம். கால் என்ற பின்னத்துக்கு 'வ'. சேர்த்துப் படித்தால் 'அவ'. அவலட்சணமே! இன்றைக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கிறது. விளக்கிய பிறகு வருவது நகைச்சுவைக்கான சிரிப்பா? மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்புதான். திருமூலர் சொல்கிற 'எட்டும் இரண்டும்' இதே கணக்குதான். எட்டு அ, இரண்டு உ. சாவி தெரியாதவன் கூட்டிப் பார்த்துப் பத்து என்பான்.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்று. சங்கராபரணத்துக்கு மேளகர்த்தாப் பட்டியலில் 'தீரசங்கராபரணம்' என்று பெயர். அந்தத் 'தீர' எதற்கு? கடபயாதி என்றொரு கணக்கு உண்டு. வடமொழி மெய் வரிசையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். 'தீ'க்கு 9, 'ர'வுக்கு 2. திருப்பிப் போட்டால் 29. அந்த ராகம் 72-ல் இருபத்தொன்பதாவது. 'மேசகல்யாணி'யில் 'மே'க்கு 5, 'ச'வுக்கு 6. திருப்பினால் 65. பெயரே வீட்டு எண்! இந்தச் சாவி மட்டும் பிழைத்துவிட்டது. ஏன் தெரியுமா? சங்கீத வாத்தியார்கள் அதைப் பூட்டி வைக்கவில்லை, வருகிற குழந்தைக்கெல்லாம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. எதிரியிடமிருந்து காப்பாற்றுகிற அதே பூட்டு, பேரனிடமிருந்தும் காப்பாற்றிவிடுகிறது! அன்று அரவிந்தரின் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருப்பானே ஓர் உளவாளி, சித்தர் ஏட்டின் முன்னால் இன்று நாம் நிற்பது அவன் நின்ற இடத்தில்தான். என்ன வித்தியாசம்? அவனுக்கு அது அடுத்த வீட்டுச் சொத்து. நமக்கு அது நம் வீட்டுச் சொத்து.

கடைசியாக ஒரு தடவை குயில் தோப்பு. அந்தப் பாட்டில் குயில் ஒரு காதல் கதை சொல்கிறது, குரங்கு வருகிறது, மாடு வருகிறது, முற்பிறவி வருகிறது. முடிவில் எல்லாம் கனவு என்கிறார் பாரதி. அதோடு விட்டாரா? இதற்கு வேதாந்தமாக ஏதாவது அர்த்தம் விரிக்க இடமிருந்தால் சொல்லுங்களேன் என்று தமிழ்ப் புலவர்களைச் சீண்டிவிட்டுப் போகிறார். அன்றிலிருந்து இன்றுவரை ஆளாளுக்கு ஒரு சாவியைக் கொண்டுவந்து நுழைத்துப் பார்க்கிறார்கள். குயில் என்பது கவிதை என்கிறார் ஒருவர், ஜீவாத்மா என்கிறார் இன்னொருவர். பூட்டே இல்லாத கதவாகவும் இருக்கலாம். 1918 நவம்பர் 20-ம் தேதி ஆங்கிலேய எல்லைக்குள் கால் வைத்ததும் கடலூரில் கைதான அந்த மனிதர், இதற்கான சாவியை யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவில்லை.

நான் அப்படிச் செய்ய மாட்டேன். இதோ ஒரு சொல்: 'நயிள்'.

சாவி மேலேயே இருக்கிறது. மெய் வரிசையில் ஓர் எழுத்து பின்னால் போங்கள். கிடைத்ததும் நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்தில் ஒரு குழந்தை இருந்தால், எப்படித் திறந்தீர்கள் என்று அதற்கும் சொல்லிக்கொடுங்கள்.